சமுதாய வானொலியில் கூத்து, புத்தகம், கிராம சபை: எதுவரை போகலாம், எப்படிப் பதிவு செய்வது?

ஏரிக்கரை90 கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை ஓடியது விவசாயக் குறிப்பு, மருத்துவர் பேட்டி, மாணவர் பாட்டு. அடுத்த மாதம் முதல் வாரத்துக்கு மூன்று அரை மணி நேரம் காலியாகிறது. ஒன்று கூத்துக்கும் நாடகத்துக்கும், ஒன்று புத்தகத்துக்கு, ஒன்று ஊராட்சி விவகாரத்துக்கு என்று திட்டம்.

மூன்றிலும் மூன்று விதமான தலைவலி. "சமுதாய வானொலியில் செய்தி கூடாது, அதனால் கிராம சபை பக்கமே போகாதே" என்கிறது நிர்வாகம். இது சரியா? கூத்து விடிய விடிய நடப்பது; அதிலிருந்து அரை மணி எடுப்பது எப்படி, முகவீணையும் (சின்ன நாயனம்) சலங்கையும் போட்டுப் பிய்க்கும் சத்தத்தில் வசனம் கேட்கும்படி பதிவு செய்வது எப்படி? புத்தகத்திலிருந்து எத்தனை பக்கம் வாசித்தால் வம்பு வராது?

கையில் இருப்பது: இரண்டு எக்ஸ்எல்ஆர் உள்ளீடு கொண்ட கையடக்க ரெக்கார்டர் ஒன்று, டைனமிக் மைக் இரண்டு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போட்ட மடிக்கணினி ஒன்று. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

விதிப்புத்தகம்:

உங்கள் நிர்வாகம் பாதி சரி. அனுமதி ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சி மூன்றும் கூடாது என்பது அதில் இருக்கும். செய்தி வேண்டுமென்றால் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அல்லது வட்டார மொழியில் பெயர்த்துப் போடலாம்; ஒரு வரிகூடச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது.

ஆனால் எவையெல்லாம் செய்தி ஆகாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. கலை நிகழ்ச்சி, திருவிழா, போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, அதோடு மின்சாரம், குடிநீர், பேரிடர், நோய்த்தடுப்பு போன்ற பொது அறிவிப்புகள். கடைசி வகையில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: தகவல் உள்ளூர் நிர்வாகம் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் "நாளை தண்ணீர் வராது" என்று டீக்கடையில் கேட்டதைச் சொன்னால் தவறு. ஊராட்சிச் செயலரோ மின்வாரிய அலுவலகமோ எழுதிக் கொடுத்ததைப் படித்தால் தவறில்லை. வாட்ஸ்அப்பில் வந்தாலும் படம் எடுத்துத் தேதியோடு கோப்பில் போடுங்கள். கூத்தும் நாடகமும் புத்தகக் கண்காட்சியும் இந்தப் பட்டியலுக்குள் வசதியாக உட்கார்ந்துவிடும், அங்கே பயம் வேண்டாம்.

கிராம சபை பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் சமூக மேம்பாட்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் இந்த வானொலிகளே. நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊராரின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்பதும் அதே விதிதான். என் கணிப்பு இதுதான்: கூட்டத்துக்கு முன்னால் கூட்டப்பொருளைப் படிக்கலாம், கூட்டம் முடிந்தபின் நிறைவேறிய தீர்மானங்களைப் படிக்கலாம், வரவு செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது, பயனாளிப் பட்டியலில் பெயர் விடுபட்டால் யாரிடம் போவது என்று விளக்கலாம். யார் யாரை என்ன சொன்னார் என்பதைப் போட்ட கணமே அது நடப்பு விவகாரம். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் ஒதுக்கினால் பன்னிரண்டு வாரம் நிரம்பிவிடும். மிச்ச வாரங்களில் திட்ட விளக்கம் போடலாம்.

இன்னொன்று, ஆல் இந்தியா ரேடியோவின் நிகழ்ச்சி நெறி உங்களுக்கும் பொருந்தும். ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மாநில அரசையோ மத்திய அரசையோ பகைத்தொனியில் விமர்சிக்கக் கூடாது, மதத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தக் கூடாது, அவதூறு கூடாது. இதை அச்சடித்து எடிட்டிங் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மணிக்கு 58 எம்பி. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினாலும் 90 நாளுக்கு 62 ஜிபி போதும். ஒரு பென்டிரைவ் சமாச்சாரம். ஆனால் சர்வரிலிருந்து வெளியே போகும் ஒலியைப் பதிவு செய்யுங்கள், தயாரித்த கோப்பை நகலெடுத்து வைப்பது போதாது. புகார் வந்தால் கேட்பது "என்ன தயாரித்தீர்கள்" என்பதை அல்ல.

ஒலிக்கூடம்:

கூத்துக்கு மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல ஆறு மணி நேரத்தையும் அரை மணியா சுருக்கணும்கிற எண்ணத்தை விட்டுடுங்க. அங்கொரு பாட்டு இங்கொரு வசனம்னு வெட்டிச் சேர்த்தா கூத்து தெரிஞ்சவனுக்கும் பிடிக்காது, தெரியாதவனுக்கும் புரியாது. ஒரே ஒரு வேடத்தோட வருகையை எடுத்துக்குங்க. திரைக்குப் பின்னால விருத்தம், திரை விலகல், தரு (தாளத்தோட வர்ற பாட்டு), ஆட்டம், கட்டியக்காரனோட கேள்வி பதில், இவ்வளவுதான். கர்ண மோட்சம்னா கர்ணன் வருகை ஒரு வாரம், அவன் மனைவி பொன்னுருவியோட தர்க்கம் அடுத்த வாரம். தர்க்கம்தான் வானொலிக்குச் சோறு. ரெண்டு குரல் மோதுது, கண்ணால பார்க்காமலே புரியும். அடவு, கிறுக்கின்னு வேகமாச் சுத்தி ஆடுறது எல்லாம் காதுக்கு வெறும் சலங்கைதான், அதுல அரை நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க.

இணைப்புரைக்கு அறிவிப்பாளரைப் போடாதீங்க. கட்டியக்காரன் வேலையே அதுதானே? கதையைச் சொல்றதும், வந்தவர் யார்னு கேட்டுச் சபைக்குத் தெரியப்படுத்துறதும். அந்த ஜமாவோட (கூத்துக் குழுவோட) கட்டியக்காரரையே மறுநாள் உட்கார வெச்சு, எட்டு பத்து இணைப்பு வரிகளைப் பேச வெச்சுப் பதிவு பண்ணுங்க. எழுதிக் கொடுக்காதீங்க, "இந்த இடத்துல இது நடக்குது"ன்னு மட்டும் சொல்லுங்க. விடிய விடிய ஆடின மறுநாள் காலையில குரல் கட்டியிருக்கும், சாயங்காலம் போங்க.

இனி ஒலி. ரெக்கார்டரை எடுத்துக்கிட்டு குழாய் ஸ்பீக்கர் முன்னால நின்னா வேலைக்காகாது. ஊர்ல சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சர் வெச்சிருப்பார், அதுல ரெக்கார்ட் அவுட் இருக்கும். அங்கிருந்து ஒரு வயர் உங்க ரெக்கார்டருக்கு. மூணு விஷயம் தப்பாப் போகும். ஒண்ணு, உள்ளீடு மைக்ல இருந்தா சத்தம் கிழியும், லைன்ல மாத்தணும். லைன் வசதி இல்லாத ரெக்கார்டர்னா 40 டெசிபல் குறைக்கிற அட்டென்யுவேட்டர் வயர் வேணும். ரெண்டாவது, ஜெனரேட்டர்ல ஓடுற மிக்சரும் சார்ஜர்ல ஓடுற ரெக்கார்டரும் சேர்ந்தா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். ரெக்கார்டரை பேட்டரியில ஓட்டுங்க, அப்பவும் வந்தா வயருக்கு நடுவுல, ரெண்டு கருவிக்கும் மின் தொடர்பைப் பிரிக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். மூணாவது, பவர்பேங்க்ல போட்டீங்கன்னா சிலது கரன்ட் ரொம்பக் கம்மியா இழுக்குதுன்னு தானா அணைஞ்சுடும். வீட்டுலயே ரெண்டு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்க.

மிக்சர்ல இருந்து வர்றது வறண்ட ஒலி. ஜனங்க சிரிப்பு, குழந்தை அழுகை, "ஆஹா"ங்கிற குரல் இதுக்கெல்லாம் ரெக்கார்டரோட மேல இருக்கிற மைக்கையும் தனி டிராக்ல ஓட விடுங்க. ரெக்கார்டர் களரியில (கூத்தாடுற இடத்துல) இருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தா அந்த டிராக் 29 மில்லிசெகண்ட் பின்தங்கும். ரெண்டையும் அப்படியே கலந்தா பேச்சு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகும். ஆரம்பத்துல களரிக்குள்ள ஒரு கைதட்டு தட்டச் சொல்லி, ஆடாசிட்டியில அந்த முனை ரெண்டும் நேரா வர்ற மாதிரி நகர்த்துங்க.

அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேணாம். சோதனைக்கு ஜமாவை நடத்துற வாத்தியார் பேசுறதை வெச்சு அளவு வைக்காதீங்க. களரி கட்டும்போது (கூத்து தொடங்குறதுக்கு முன்னால வாத்தியம் வாசிக்கிறப்ப) மிருதங்கமும் முகவீணையும் முழு வேகத்துல போகும், அப்ப வையுங்க. பீமன், துச்சாதனன் மாதிரி வேடம் வந்தா அதுக்கும் மேல ஏறும். ஸ்டீரியோ வாவ் (.wav) கோப்பு மணிக்கு 1 ஜிபி சொச்சம். மேல் மைக்கையும் சேர்த்தா நாலு டிராக், அதுக்கு ரெண்டு மடங்கு, ராத்திரி முழுக்க எடுக்க 32 ஜிபி கார்டு போடுங்க. பல ரெக்கார்டர் 2 ஜிபி ஆனதும் கோப்பைத் தானா உடைக்கும். ஸ்டீரியோல அது 1 மணி 55 நிமிஷம் கிட்ட. நடுப்பாட்டுல உடைஞ்சதே தெரியாம ரெண்டாவது கோப்பை மறந்துட்டு வர்றவங்க உண்டு.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. முகவீணையும் சலங்கையும் ரெக்கார்டர்ல நல்லாத்தான் இருக்கும், காத்துல போனதும்தான் கெடும். காரணம் எஃப்எம்ல அனுப்புறதுக்கு முன்னால உயர் அதிர்வெண்ணைத் தூக்கிவிடுவாங்க. நம்ம நாட்டுல 50 மைக்ரோசெகண்ட் கணக்கு. 5 கிலோஹெர்ட்ஸ்ல 5 டெசிபல், 10 கிலோஹெர்ட்ஸ்ல 10 டெசிபல் ஏறிடும். சலங்கை முழுக்க அந்தப் பகுதியிலதான் இருக்கு. ரேடியோ பெட்டி அதைத் திருப்பிக் குறைச்சுக்கும், ஆனா அதுக்குள்ள டிரான்ஸ்மிட்டர் முன்னாடி இருக்கிற, ஒலி அளவு மீறாமப் பிடிக்கிற லிமிட்டர் "அய்யோ அதிகமாயிடுச்சு"ன்னு மொத்த ஒலியையும் அமுக்கிடும். சலங்கை அடிக்கிறப்பல்லாம் வசனம் முங்கி முங்கி எழும். அதனால எடிட்டிங்லயே 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல 4 டெசிபல் குறைங்க, முகவீணை வர்ற இடத்துல மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைங்க, கீழே 80 ஹெர்ட்ஸுக்கு அடியில வெட்டிடுங்க. ஹெட்போன்ல கொஞ்சம் மந்தமாத் தெரியும், பரவாயில்லை. முடிச்சதும் ஒரு பழைய செல்போன் ரேடியோவுல, கடைசி ஊர் ஓரத்துல நின்னு கேளுங்க. அங்க புரிஞ்சா எல்லா இடத்துலயும் புரியும். நிகழ்ச்சியை மோனோவா அனுப்புங்க, ஸ்டீரியோ ஓரத்து ஊர்கள்ல வெறும் இரைச்சலைத்தான் கூட்டும்.

ஏரிக்கரை90:

அண்ணே, கோடி நன்றி. சலங்கை அடித்தால் குரல் முங்குவது ஆன்டெனா கோளாறு என்றுதான் இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜமாவிடம் எழுத்தில் ஏதாவது வாங்க வேண்டுமா? வாய்மொழியாக வாத்தியார் சரி என்றுவிட்டார்.

நூலகத்திண்ணை:

வாய்மொழி போதாது. காப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு. 50 ஆண்டு நீடிக்கும். கதை பழையது, பாட்டு பழையது என்பதால் ஆடியவரின் உரிமை போய்விடாது. அது வாத்தியாருக்கு மட்டும் இல்லை, பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரே தாளில் எல்லாரும் கையெழுத்து போடலாம். அதில் எழுத வேண்டியவை: எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கூத்து, எத்தனை முறை ஒலிபரப்பு, யூடியூபிலும் செயலியிலும் போடலாமா கூடாதா, எவ்வளவு சன்மானம். யூடியூப் வரியை விட்டுவிட்டுப் பிறகு ஏற்றுவதுதான் சண்டையின் ஊற்று. இளைய கலைஞர்கள் சொந்தச் சேனல் வைத்திருக்கும் காலம் இது. கூத்தின் நடுவே சினிமா மெட்டு வந்தால் வெட்டிவிடுங்கள், அந்த மெட்டுக்கு வேறு உரிமையாளர் இருக்கிறார்.

இனி புத்தகம். பக்கக் கணக்கு என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. விமர்சனம் செய்வதற்காக நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம் என்பதுதான் இருக்கிறது. ஐந்து நிமிடம் வாசித்து இருபது நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் அது விமர்சனம். இருபத்தைந்து நிமிடம் வாசித்துவிட்டு "அருமையான கதை" என்று முடித்தால் அது விமர்சனம் இல்லை, அனுமதி வேண்டும். தொடர்கதையாக முழு நாவலையும் வாசிக்க நினைத்தால் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். பதிப்பாளரிடமா ஆசிரியரிடமா என்றால் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுவது உத்தமம். ஒலி உரிமையை ஆசிரியர் வேறொருவருக்குக் கொடுத்திருக்கவும் கூடும்.

அனுமதியே தேவைப்படாத கடல் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த எழுத்துகள், அதோடு தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள். 1949-ல் பாரதியிலிருந்து தொடங்கிய வரிசை அது. இன்று நூறு பேரைத் தாண்டிவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நூல்களே கிடைக்கும். அதிலும் ஒரு பள்ளம்: மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு, புதிய பதிப்பின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் தனி உரிமை உண்டு. மூலப் பாடத்தை மட்டும் வாசியுங்கள்.

வாசிப்பு பற்றி ஒரு வார்த்தை. நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல் வரும். ஐந்து நிமிடத்துக்கு 500 சொல், அதற்கு மேல் குறிக்காதீர்கள். வருணனைப் பகுதி வேண்டாம், உரையாடல் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உரையாடல் என்றதும் இரண்டு பேரைக் குரல் மாற்றி நடிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், நாராசம். ஒருவர் வாசித்தால் போதும். உங்கள் பகுதிக்காரர் எழுதியதென்றால் அந்தப் பேச்சு வழக்கு நாக்கில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்; தமிழாசிரியர்கள் அதைத் திருத்தி வாசித்துவிடுவார்கள்.

கிளை நூலகரைப் பிடியுங்கள். எந்தப் புத்தகம் திரும்பி வராமல் கைமாறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். புத்தகக் கண்காட்சி நாட்களில் அரங்க மேடைப் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள், எதிரொலியும் அரசியலும் இரண்டும் கலந்திருக்கும். காலை கடை திறக்கும் நேரத்தில் அரங்குக்குள் போனால் பதிப்பாளர்கள் நிம்மதியாகப் பேசுவார்கள்.

தென்பெண்ணை:

விதிப்புத்தகம் சார் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டப்பொருளையும் தீர்மானத்தையும் மட்டும் படித்தால் அது அறிவிப்புப் பலகை. இரண்டாவது வாரமே ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஜனங்களின் குரல் இருக்க வேண்டும், விதிக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது.

வழி இது: குற்றச்சாட்டைக் கேள்வியாக மாற்றுவது. "தலைவர் எங்க தெருவுக்குத் தண்ணியே விடமாட்டேங்கிறார்" என்று ஒரு அம்மா சொல்வார். அதைப் போட முடியாது. அவரிடமே, "நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்மா?" என்று கேளுங்கள். "எங்க தெருக் குழாய்க்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடணும்? மோட்டார் ரிப்பேர்னா யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்? எழுதிக் குடுத்ததுக்கு ரசீது தருவாங்களா?" என்று வரும். இந்த மூன்று கேள்விகளையும் அவர் குரலிலேயே போடலாம். பதிலுக்கு ஊராட்சிச் செயலரோ வட்டார வளர்ச்சி அலுவலரோ பேசட்டும். கேட்பவர்களுக்கு உள்ளே இருக்கும் கோபமும் புரியும், நிகழ்ச்சியில் யார் பெயரும் இருக்காது.

பதிவுக்கு எங்கே போகிறோம் என்பது முக்கியம். கிராம சபை நடக்கும் இடத்தில் மைக்கை நீட்டினால் எப்போதும் பேசுகிற அதே நான்கு ஆண்கள்தான் பேசுவார்கள். முந்தைய நாளே காலனிக்குப் போய் அங்கே தனியாகப் பதிவு செய்யுங்கள், பெண்கள் குழுக் கூட்டத்தில் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஊர்த்தெருவில் எடுத்துவிட்டுக் கடைசியாகக் காலனிக்குப் போனால், நேரம் பற்றாமல் அவர்கள் குரல்தான் எடிட்டிங்கில் கழியும்.

தீர்மானத்தை யாரோ சொன்னதை வைத்துப் படிக்காதீர்கள். கூட்டத்தில் ஒன்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் வேறொன்று எழுதியிருக்கும். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அடுத்த கிராம சபைக்கு முன்னால் கைக்கு வந்துவிடும், அப்போது படித்தால் இன்னும் பயன்.

விதிப்புத்தகம்:

அக்கா சொல்லும் கேள்வி முறையை ஏற்கிறேன், இரண்டு நிபந்தனையோடு. கேள்வியும் பதிலும் ஒரே நிகழ்ச்சியில் வர வேண்டும். "பதில் அடுத்த வாரம்" என்று முடித்தால் அந்த ஒரு வாரம் கேள்வி குற்றச்சாட்டாக நிற்கும். அதிகாரி பேச மறுத்தால், "இன்ன தேதியில் எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஏன் வரவில்லை என்று நேயர்களே யோசியுங்கள்" என்ற வால் வேண்டாம்.

இரண்டாவது, தேர்தல் அறிவித்த நாளிலிருந்து இந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, வாக்குச்சாவடி எங்கே என்பது மாதிரி ஆணையம் தரும் தகவலுக்கு மாறிவிடுங்கள். மறுஒலிபரப்பில்தான் கவனம் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் பயிர்க்கடன் பற்றிப் பேசியவர் இப்போது வேட்பாளராக இருப்பார். மனுத்தாக்கல் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை எடுத்து உங்கள் நிகழ்ச்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அவர்கள் குரல் உள்ள எல்லாவற்றையும் ஒலிபரப்புப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். கூத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரர் வாழ்த்திச் சொல்வாரே, அதையும் பாருங்கள்.

ஏரிக்கரை90:

கட்டியக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் வாழ்த்துவதோடு நிற்பதில்லையே. ரேஷன் கடை, கட்சிக்காரர், எம்எல்ஏ எல்லாரையும் பெயர் சொல்லிக் கிழிக்கிறார். கூட்டம் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அதை என்ன செய்வது?

விதிப்புத்தகம்:

கட்சிப் பெயர், ஆள் பெயர், சின்னம், அடையாளம் காட்டும் அடைமொழி, சாதிக் கிண்டல் எல்லாம் வெட்டு. ரேஷன் அரிசியில் கல், ரோட்டில் குழி, பஸ் வராதது எல்லாம் இருக்கட்டும். வெட்டாத மூலப் பதிவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அது ஆவணம், ஒலிபரப்புக்கு அல்ல.

ஒலிக்கூடம்:

வெட்டுற இடத்துல "பீப்" போடாதீங்க தம்பி. போட்டா யார் பேருன்னு ஊரே பந்தயம் கட்டும், நீங்க மறைச்சது இன்னும் பெருசாத் தெரியும். அந்த ராத்திரி எடுத்ததுலயே வசனம் இல்லாத இடமா மிருதங்கம் தனியா வாசிக்கிறது அரை நிமிஷம், கூட்டம் சிரிக்கிறது அரை நிமிஷம் தனித்தனியா எடுத்து வெச்சுக்குங்க. வரியோட தலையில இருந்து வெட்டி, அரை செகண்ட் கிராஸ்ஃபேடுல (ஒண்ணு தேய ஒண்ணு ஏற) மிருதங்கத் தீர்மானத்தை (முடிப்பு அடியை) வெச்சு அடுத்த வசனத்துக்குப் போங்க. கூத்துல வசனத்துக்கு நடுவுல மிருதங்கம் விழுறது வழக்கம்தான், ஒட்டுப் போட்டது தெரியாது. சிரிப்பை மட்டும் விட்டுட்டு ஜோக்கை வெட்டிடாதீங்க, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு போன் பண்ணிக் கேப்பாங்க.